கோப்பை ஊறிய பத்தொன்பது நாள்

முள்ளியேந்தல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான ஹேக்கத்தான் போட்டி முடிந்த சனிக்கிழமை மத்தியானம், மூன்று நடுவர்களும் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்து முதலிடத்தில் இரண்டு குழுக்கள் சமமாக நிற்பதைக் கண்டு, சரி, உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம் என்று பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய அதே நேரத்தில், மேடையில் சிவப்பு வெல்வெட் துணி விரித்த மேஜை மேல் இருந்த முதல் பரிசுக் கோப்பையில் தண்ணீர் ஊறத் தொடங்கியது.

அதை முதலில் பார்த்தவள் அரங்கத்தைக் கூட்டிப் பெருக்கும் செல்லத்தாயி. ஏசி ஒழுகுகிறது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தாள், மேலே ஈரம் இல்லை. கோப்பையைக் கவிழ்த்துத் துடைத்து வைத்தாள், துடைத்த துணியை அவள் பிழிவதற்குள் அது விளிம்பு வரை நிறைந்து வெல்வெட்டில் வழிந்தது. ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பு இல்லை. உடனே ஓடிப்போய் வாளியை எடுத்து வந்தாள். முள்ளியேந்தலில் தண்ணீரைக் கண்டால் யாரும் ஆச்சரியப்பட்டு நிற்பதில்லை, பாத்திரம் தேடுவார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குள் ஹாஸ்டல் வாளிகள், கேண்டீன் அண்டாக்கள், வேதியியல் துறையின் கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. ஐந்து மணிக்கு ஊருக்குள் செய்தி போனது. ஐந்தரைக்கு முதல் பிளாஸ்டிக் குடம் அரங்கத்தின் படியேறியது.

தலைமை நடுவராகச் சென்னையிலிருந்து வந்திருந்தவள் கிருபாவதி. ஐம்பத்தொரு வயது, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவுக்குத் தலைமை. மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் இருபத்தாறு வருட வேலை. இந்தப் போட்டிக்கு முன்பு பதினேழு போட்டிகளுக்கு நடுவராகப் போயிருக்கிறாள், ஒன்றிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் யோசித்ததில்லை. ஞாயிறு காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மற்ற இரண்டு நடுவர்களில் ஒருவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் திருவேங்கடம், இன்னொருவர் பரிசு வழங்கும் பெங்களூர் நிறுவனத்தின் அதிகாரி அன்வர். முதல் பரிசு என்பது கோப்பை மட்டுமல்ல, அந்த நிறுவனத்தில் வேலையும்தான்.

சமமாக நின்ற இரண்டு குழுக்களில் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வந்த நான்கு பையன்கள். மிளகாய் இலையைப் போனில் படம் பிடித்தால் என்ன நோய், என்ன மருந்து என்று சொல்லும் செயலியை முப்பத்தாறு மணி நேரத்தில் செய்து முடித்திருந்தார்கள். இன்னொரு குழு என்று சொல்வதற்கு அதில் ஒரே ஒரு ஆள்தான், நாச்சியார், உள்ளூர்க்காரி, கடைசி வருட மாணவி. கூட இருந்த இரண்டு பேரும் முதல் நாளே வேறு குழுவுக்குப் போய்விட, தனியாக உட்கார்ந்து செய்தாள். ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால், தண்ணீர் லாரி இப்போது எந்தத் தெருவில் நிற்கிறது, உங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான். ஸ்மார்ட்போன் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். லாரிக்காகக் காலையிலிருந்து தெருமுனையில் குந்தியிருக்கும் பெண்கள் இனிமேல் அந்த நேரத்தில் தூங்கலாம், வேலைக்குப் போகலாம் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தபோது, அரங்கத்தில் தண்ணீர் பாட்டில் விநியோகித்துக்கொண்டிருந்த பெண்கள் மட்டும் கை தட்டினார்கள்.

மூன்றாம் நாள்தான் விஷயம் பிடிபட்டது. இரண்டு நாளாகப் பேசிப் பேசி அலுத்துப்போன திருவேங்கடம், பையன்களுக்கே கொடுத்துவிடலாம், மிளகாய்க்கும் விலை வரும் ஊருக்கும் பெயர் வரும் என்று உறுதியாகச் சொன்னார். சொன்ன மறு நிமிடம் அரங்கத்தில் கூச்சல் எழுந்தது. விரல் கனத்துக்கு வழிந்துகொண்டிருந்த தண்ணீர் நூல் போல ஆகிவிட்டதாக ஒரு பெண் சன்னலில் வந்து தட்டினாள். பதறிப்போன திருவேங்கடம், இல்லை இல்லை, அந்தப் பெண்ணுடையதையும் தள்ளிவிட முடியாது என்றார். தண்ணீர் பழையபடி கனத்தது. நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சன்னலில் நின்ற பெண்ணும் பார்த்தாள். அவள் வழியாக அது ஊர் முழுக்கத் தெரிந்துபோனது: நடுவர்கள் தடுமாறும் வரைக்கும் தண்ணீர், தீர்ப்புச் சொன்னால் வறட்சி.

அதன் பிறகு ஊர் தன் வழக்கப்படி அதை ஏற்பாடு செய்துகொண்டது. தெருவாரியாக டோக்கன் போட்டார்கள், கோப்பையின் வாயில் ஒரு புனலைக் கவிழ்த்துக் கட்டி, புனலில் ரப்பர் குழாய் சொருகி, குழாயை அரங்கத்தின் பின்வாசல் வழியாகத் தொட்டிக்குக் கொண்டு போனார்கள். அரங்கத்து வாசலில் ஒரு இட்லிக் கடை, ஒரு ஓட்டைக் குடம் அடைக்கும் கடை, ஒரு செருப்புத் தைக்கும் கடை முளைத்தன. டவுன் பஸ் அங்கே நின்று போக ஆரம்பித்தது, கண்டக்டர்கள் அதைக் கப்பு ஸ்டாப் என்றார்கள். குளிக்காமல் வகுப்புக்கு வந்தவர்கள் குளித்து வந்தார்கள், பிசுக்கில்லாத தலைமுடியைப் பார்த்து ஒருவரையொருவர் புதிதாகக் கவனித்ததில் மூன்று காதல்கள் உண்டாயின. தள்ளிப்போட்டிருந்த காதுகுத்துகளும் கல்யாணங்களும் நடந்தன. நகராட்சிப் பொறியாளர் வந்து சட்டையை மடித்துக் கையை முழங்கை வரை கோப்பைக்குள் விட்டார், கோப்பை ஒரு சாண் ஆழம்தான், கை போய்க்கொண்டே இருந்தது. அவர் கையை உதறிவிட்டு, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து, நீர் ஆதாரம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்து, பரிசீலனையில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தண்ணீர் லாரியைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நடுவர்களைத் தடுமாற்றத்திலேயே வைத்திருப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது, அதற்கும் ஊர் ஒரு வழி கண்டது. தினமும் பத்து மணிக்கு விருந்தினர் விடுதி வாசலில் பட்டிமன்றம். பாதிப் பேர் மிளகாய்க் கட்சி, பாதிப் பேர் லாரிக் கட்சி. மறுநாள் கட்சி மாற வேண்டும், யாருக்கும் நிரந்தரக் கருத்து இருக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு. தெருவுக்கு இருவர் என்று முறை வைத்து, மூன்று வேளையும் நடுவர்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தார்கள். குழம்பு ஊற்றும்போது ஒருத்தி நாச்சியாரைப் புகழ்வாள், ரசம் ஊற்றும்போது இன்னொருத்தி பையன்களைப் புகழ்வாள். லாரியே வராத ஊரில் லாரி வரும் நேரம் சொல்லும் செயலி எதற்கு என்று ஒருநாள் ஒரு பேச்சாளர் கேட்டார், கை தட்டல் அடங்க நேரமானது. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த நாச்சியார் தன் போனை எடுத்துப் பார்த்ததைக் கிருபாவதி மாடியிலிருந்து பார்த்தாள். அன்றைக்கு ஒரு மிஸ்டு கால்கூட வந்திருக்கவில்லை.

திருவேங்கடம் இந்த வாழ்க்கைக்குப் பழகிவிட்டார், அவருக்கு மீன் குழம்பு பிடித்திருந்தது. அன்வர் நாள் முழுக்கத் தூங்கினார். கிருபாவதியால்தான் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தடுமாறுவது அவளுக்கு வேலையாகிவிட்டது, அந்த வேலை அவள் உடம்பில் ஏறிவிட்டது. நீலப் புடவையை எடுத்துப் பாதி கட்டிவிட்டு அவிழ்த்துப் பச்சையை எடுப்பாள், பச்சையை வைத்துவிட்டு மறுபடி நீலம். படியிறங்கக் காலை எடுத்தால் எந்தக் கால் என்று நின்றுவிடுவாள். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. விடுதியின் நீண்ட வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து நடந்து, சிவப்புத் தரையில் அவள் போன வழி வெளுத்துவிட்டது. எப்போது வருவாய் என்று கணவர் தினமும் போனில் கேட்டார். முடிவு எடுத்ததும் என்றாள். எடுக்க வேண்டியதுதானே என்றார், உனக்கா இது கஷ்டம் என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் போனை எடுப்பதில்லை.

பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, பட்டிமன்றம் கலைந்து வெயில் சாய்ந்த நேரத்தில், நாச்சியார் விடுதிக் காவலாளியிடம் எதையோ சொல்லிவிட்டு மாடிக்கு வந்தாள். இத்தனை நாளில் போட்டியாளர்கள் யாரும் நடுவர்களைப் பார்க்க வந்ததில்லை, வரக் கூடாது என்பது விதி. அவள் உள்ளே வரவில்லை, வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெங்களூர் நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டினாள். ஜெயித்தவர் யாராக இருந்தாலும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு என்று அதில் இருந்தது. இதற்காக வேறு இரண்டு நேர்முகத் தேர்வுகளுக்குப் போகாமல் விட்டுவிட்டதாகவும், வீட்டில் உட்காரவும் முடியவில்லை கிளம்பவும் முடியவில்லை என்றும் சொன்னாள்.

"நான் தோத்துட்டேன்னா தோத்துட்டேன்னு சொல்லிருங்க மேடம். கோவை ட்ரெயின்ல அவுகளும் ஊருக்குப் போவாக, நானும் வேற வேலை தேடுவேன். இப்படி நடுவுல வச்சிருக்கதுதான் முடியல."

கிருபாவதி வாயைத் திறந்தாள். அந்தப் பதினெட்டு நாளில் அவள் தனக்குக்கூடச் சொல்லிக்கொள்ளாத ஒன்று அப்போது தொண்டை வரை வந்தது. போட்டியன்று நாச்சியார் பேசி முடித்ததும் அவள் ஐம்பதுக்கு நாற்பத்தேழு என்று எழுதியிருந்தாள், எழுதும்போது கை தயங்கவே இல்லை. பக்கத்தில் இருந்த அன்வர் எட்டிப் பார்த்துச் சிரித்து, பெண்கள் என்றால் மேடத்துக்குத் தனிப் பிரியம்தான் என்றார். அவர் அதைக் கிண்டலாகத்தான் சொன்னார். அவள் நாற்பத்தேழை அடித்துவிட்டு நாற்பத்தைந்து என்று எழுதினாள். இரண்டு மதிப்பெண். அந்த இரண்டால்தான் இரண்டு குழுக்களும் நூற்று முப்பத்திரண்டில் வந்து நின்றன. ஓட்டை எங்கே என்று அவளுக்குத் தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும்.

இதை நினைத்து அவள் தூணருகில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்த அந்தக் கணத்தில், அரை பர்லாங்குக்கு அப்பால் அரங்கத்தில் தண்ணீர் நூலாகிவிட்டது. கூச்சல் காற்றில் வந்தது. ஐந்து நிமிடத்தில் அன்றைய முறைக்காரர்கள் விடுதிக்கு ஓடி வந்தார்கள். மாடிப் படியில் முதலில் ஏறி வந்தவள் இருளாயி, நாச்சியாரின் அம்மா. கையில் சாப்பாட்டுத் தூக்குவாளி, முந்தானை நனைந்திருந்தது. மகளை அங்கே பார்த்ததும் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் படியிலேயே நின்றார்கள்.

கிருபாவதி அவளை யாரென்று கேட்டாள். இருளாயி சொன்னாள். பிறகு, இன்றைக்கு எங்கள் தெரு முறை, நான் அந்தப் பையன்கள் பக்கம் பேச வேண்டும், போன முறை என் மகள் பக்கம் பேசிவிட்டேன் என்று, ரேஷன் கடையில் முறை சொல்வது போலச் சொன்னாள்.

"அப்ப பேசுங்க" என்றாள் கிருபாவதி.

இருளாயி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். மிளகாய் என்று தொடங்கினாள். பூச்சி விழுந்தால் எப்படி என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். மகளைப் பார்க்காமல் வராந்தாத் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"கல்யாணமாகி வந்து இருபத்தி மூணு வருசம் தாயி. அம்புட்டு வருசமும் தண்ணிக்கு நின்னிருக்கேன். இவள வயித்துல வச்சுக்கிட்டும் நின்னேன். இந்தப் பதினெட்டு நாள்தான் உக்காந்து சோறு தின்னேன். நின்னுபோச்சுன்னா எனக்குத் தாங்காது, பொய் சொல்ல மாட்டேன்." அவள் நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். "இருந்தாலும் அவளுக்கு என்ன உண்டோ அதச் சொல்லிருங்க. அதப் பிடிச்சு வச்சுக்கிட்டு நான் குடிக்கிற தண்ணி எறங்க மாட்டேங்குது."

படியில் நின்றவர்களில் யாரோ அவளை அதட்டினார்கள். நாச்சியார் அம்மாவைத் தாண்டி விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். இருளாயி தூக்குவாளியைத் திறந்து, முறை முறைதானே, சாப்பிட்டுவிடுங்கள் என்று பரிமாறிவிட்டுத்தான் போனாள். கிருபாவதி நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மேடை ஏறினாள். நடுவர் மேடை ஏறுகிறார் என்றதும் ஊரே குடத்தோடு வந்துவிட்டது. பல்கலைக்கழகப் பதிவாளர் ஓடி வந்து, இன்னும் ஒரு வாரம், சோழவந்தானிலிருந்து ஒரு நல்ல பேச்சாளரை வரவழைத்திருக்கிறோம் என்று காதில் சொன்னார். அவள் மைக்கைப் பிடித்தாள். வழக்கமாகச் சொல்லும் வணக்கங்களைச் சொல்லவில்லை. இரண்டு மதிப்பெண் விஷயத்தை, நாற்பத்தேழை அடித்து நாற்பத்தைந்து போட்டதை, ஏன் போட்டாள் என்பதை, அன்வர் மேல் பழி போடாமல் தன் பயம் என்றே சொன்னாள். அன்வர் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். முதல் பரிசு நாச்சியாருக்கு என்றாள்.

நானூறு குடங்களுக்கு நடுவில் இருந்து ஒரு கிழவர் எழுந்தார். கோபமாகக்கூட இல்லை, சந்தேகம் கேட்பது போலக் கேட்டார்.

"ரெண்டு மார்க்கக் குறைச்சதுக்குப் பத்தொம்பது நாள் தண்ணி வந்துச்சு. ஒரு இருபது குறைச்சிருக்கக் கூடாதா தாயி?"

சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். கோயம்புத்தூர்ப் பையன்கள்தான் முதலில் கை தட்டினார்கள், அவர்களுக்குக் கடைசியில் ஊருக்குப் போகலாம் என்ற நிம்மதி.

நாச்சியார் பின்வரிசையிலிருந்து நடந்து வந்தாள். இரண்டு பக்கமும் குடங்கள், குடங்களுக்குப் பின்னால் அவள் பிறந்ததிலிருந்து தெரிந்த முகங்கள். அத்தைகள், மதினிகள், கூடப் படித்தவளின் அம்மா, ஒருவரும் வழியை மறிக்கவில்லை, ஒருவரும் சிரிக்கவும் இல்லை. புனலையும் குழாயையும் செல்லத்தாயி அவிழ்த்து வைத்திருந்தாள். கோப்பையின் விளிம்பில் தண்ணீர் இன்னும் நூலாக வழிந்துகொண்டிருந்தது. நாச்சியார் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டாள். வரிசையின் முதலில் நின்றவளின் குடத்தை வாங்கி, நூலுக்கு நேராகப் பிடித்தாள். அந்தக் குடம் நிறைய நாற்பது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் அவள் குடத்தைக் கீழே வைக்கவில்லை, யாரும் இடத்தை விட்டு நகரவுமில்லை, தகரத்தில் தண்ணீர் விழுவது போல ஒரு சத்தம் மட்டும் மைக் வழியாக ஊருக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. குடம் நிறைந்ததும் அதை அந்தப் பெண்ணின் இடுப்பில் ஏற்றிவிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தாள்.

உள்ளே காய்ந்திருந்தது. ஒரு எறும்பு ஓடியது.

மதியத்துக்குள் அரங்கத்து வாசல் இட்லிக் கடையைப் பிரித்துவிட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து லாரியைத் திருப்பி அழைத்தார்கள். ஒரு மணியிலிருந்து நாச்சியாரின் போன் ஓயாமல் அடித்தது, ஒரே அடியில் அணைந்துவிடும் மிஸ்டு கால்கள், நூறு, இருநூறு. வாழ்த்துச் சொல்ல ஒருவரும் கூப்பிடவில்லை.

மூன்று மணி மதுரை பஸ்ஸில் கிருபாவதி ஏறியபோது நாச்சியார் ஏற்கெனவே அதில் இருந்தாள். ஒரு பை, ஒரு மடிக்கணினி. கோப்பை இல்லை. அம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டதாகச் சொன்னாள். குடத்திலிருந்து தண்ணீர் மோக்கச் சரியான அளவாக இருக்கிறதாம். வழியனுப்ப அம்மா வரவில்லையா என்று கிருபாவதி கேட்டாள். அவர்கள் தெருவுக்கு லாரி மூன்றே காலுக்கு என்று நாச்சியார் சொன்னாள்.

பஸ் கிளம்பியது. கருவேல மரங்களும் உப்புப் பூத்த கண்மாய்களும் பின்னால் ஓடின. மொத்தமே ஏழெட்டுப் பேர், சீட்டுகளெல்லாம் காலி. நாச்சியார் முன்வாசல் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், காற்றில் முடி முகத்தில் அடித்தது, அவள் ஒதுக்கவில்லை. கிருபாவதி நகர்ந்து இடம் விட்டு, வா, உட்கார் என்றாள்.

நாச்சியார் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குண்டான ரெண்டு மார்க்கத் திருப்பிக் குடுத்துட்டீங்க. ஊருக்கு நான் என்னத்தக் குடுக்க, சொல்லுங்க."

மன்னித்துவிடு என்பது கிருபாவதியின் வாய்வரைக்கும் வந்து, அது இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று தெரிந்து, உள்ளே போய்விட்டது. டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர், ஏம்மா, இம்புட்டு சீட்டு கெடக்கு, மதுரை வரைக்கும் நின்னுக்கிட்டேவா வரப்போற என்று கேட்டார். ஆமா என்றாள் நாச்சியார். பத்தொன்பது நாள் உட்கார்ந்தே இருந்துவிட்டதாகச் சொன்னாள்.

பஸ் ஒரு வளைவில் சாய்ந்து நிமிர்ந்தது. கிருபாவதி கைப்பையைச் சீட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து முன்னால் போய், அவளுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எந்தக் காலை முன்னால் வைத்தோம் என்று அவள் கவனிக்கவில்லை. கண்டக்டர் இருவரையும் பார்த்தார், தலையைச் சொறிந்தார், விசில் ஊதினார். மதுரை வந்து சேரும்வரை அந்த இரண்டு பேரும் நின்றுகொண்டே போனார்கள்.